வலை இறங்கியிருக்கிறது

பேட்டன் கோவ், வட கரோலினா
9 மார்ச் 1986

அன்புள்ள ராய்ஸ் அண்ணனுக்கு,

இங்கே எல்லார் வலையும் இறங்கித்தான் இருக்கிறது. உன் வலை எப்படி?

நம் வீட்டுக் கடிதத்தை வெளியாள் யாராவது பிரித்தால் மீன்பிடிக்கிற குடும்பம் என்று நினைத்துக்கொள்வான். பந்தய வண்டி சுவரில் மோதி நின்றதும், தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று காட்ட ஓட்டுகிறவன் முதல் வேலையாக ஜன்னல் வலையை இறக்க வேண்டும், மேலே பெஞ்சில் இருக்கிற அம்மா அதைப் பார்த்த பிறகுதான் மூச்சே விடுவாள் என்று அவனுக்கு யார் சொல்வது? தாத்தாவின் வலை இறங்காமலே அவர் செத்துப்போன அந்தச் சனிக்கிழமை, கைக்குழந்தையான நான் அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தேனாம். நல்லவேளை.

நீ போன பிறகு பட்டறையில் நம் 41-ஆம் எண் வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருக்கிறது. அப்பா அதைச் சுற்றிக்கொண்டுதான் நடக்கிறார். மிதிப்பதில்லை. ஃபோனில் பேசலாம் என்றால் அது பட்டறைச் சுவரில், அவர் காதுக்கு ஒரு முழம் தள்ளித் தொங்குகிறது. அதனால்தான் கடிதம்.

முக்கியச் செய்தி: ப்ரூயிட் வீட்டுத் தடியன்களின் கருவிப் பெட்டிக்குள் ஒரு கைப்பிடி வேர்க்கடலைத் தோல் போட்டுவிட்டேன். பந்தய வண்டிப் பக்கம் கடலை வந்தால் விபத்து நிச்சயம் என்று நம்புகிற ஆட்கள் அல்லவா, மூன்று பேரும் பாம்பைக் கண்டதுபோலக் குதித்தார்கள். பெரிய ப்ரூயிட் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏ ஹார்லன்! ஒன் பொண்ண ஒரு கூண்டுல போட்டு வையி!" என்று கத்தினார். அப்பா, "போட்டேன், கூண்டு திரும்பி வந்துருச்சு" என்றார்.

நேற்றுச் சாப்பாட்டு மேசையில் அப்பா மூன்று சக்கரத்தோடு ஜெயித்த கதையை மறுபடி சொன்னார். நானும் அம்மாவும் கூடவே வாயசைத்தோம். "ஸ்டேமி வீட்டு ஆம்பளைங்களுக்கு ஒரு கதைய மூணு தடவ சொன்னாத்தான் செரிக்கும்" என்றாள் அம்மா.

பந்தய வட்டத்தில் தாத்தா இடப்பக்கம் திரும்பினார், அப்பா இடப்பக்கம் திரும்பினார், நீயும் இடப்பக்கமே திரும்புகிறாய். மூன்று தலைமுறை ஓடியும் புறப்பட்ட இடத்திலேயே வந்து நிற்கிறோம் என்றால் அதில் என்ன ஆச்சரியம்? நீயாவது நேராகப் போ. முதல் பத்து இடத்துக்குள் வருடத்தை முடித்தால் வரும் பிப்ரவரியில் ஃப்ளோரிடாவின் பெரிய பந்தயத்துக்கு அனுப்புவதாக உன் முதலாளி கான்ட் சொன்னாரே, எந்த ஸ்டேமியும் அங்கே ஓட்டியதில்லை. அப்பா அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆனால் மார்ச் மாதத்திலேயே அடுத்த வருடக் காலண்டர் எங்கே கிடைக்கும் என்று கடைக்காரரிடம் கேட்டிருக்கிறார்.

உன் வாலுத் தங்கை,
ட்வைலா


ஷார்லட்
23 மார்ச் 1986

வாலுக்கு,

என் வலை இறங்கியிருக்கிறது. முதல் பந்தயத்தில் ஆறாவது. அப்பாவிடம் சொல், "பரவாயில்ல" என்பார், அதை எனக்கு எழுது.

டூவியோடு ஒரே அறையில் தங்கியிருக்கிறேன். பந்தயத்தில் கோபுரத்தின் மேல் நின்று ரேடியோவில் எனக்கு வழி சொல்கிறவன் அவன்தான். தூக்கத்திலும் சொல்கிறான். "உள்பக்கம் ஆள் இருக்கு! உள்பக்கம் ஆள் இருக்கு!" என்று கத்தி எழுப்பிவிட்டான். பார்த்தால் எலி.

கான்டிடம் ஒரு நாய் இருக்கிறது. பெயர் ஜட்ஜ். போன வாரம் டயர் விற்க ஒருவர் பளபளவென்று புது பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஜட்ஜ் மெதுவாக வந்து, மோந்து பார்த்து, அந்த பூட்ஸ் மேலேயே காலைத் தூக்கிவிட்டது. கான்ட் தொப்பியைக் கழற்றி, "மன்னிச்சுக்கங்க. ஜட்ஜ் தீர்ப்பு சொல்லிட்டாரு. இதுக்கு மேல அப்பீல் கெடையாது" என்றார். பட்டறை முழுக்கச் சிரித்து, வேலையே ஓடவில்லை.

அம்மா செய்கிற சோள ரொட்டி மாதிரி இங்கே யாருக்கும் வராது. ப்ரூயிட்களைக் கொஞ்சம் விட்டு வை, எனக்கும் மிச்சம் வேண்டும்.

அண்ணன்,
ராய்ஸ்


பேட்டன் கோவ்
12 மே 1986

அன்புள்ள அண்ணனுக்கு,

சனிக்கிழமை உன் வலை இறங்கியதை நாங்களே கண்ணால் பார்த்துவிட்டதால் நலம் விசாரிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் விசாரிக்கிறேன்.

மூன்றாம் வளைவுச் சுவரில் நீ மோதிய சத்தம் வயிற்றுக்குள் கேட்டது. அம்மா வண்டியைப் பார்க்கவே இல்லை, வலையை மட்டும் பார்த்தாள். இறங்கியது. மூச்சு விட்டாள். நீ ஆம்புலன்ஸ்காரர் கையைத் தட்டிவிட்டு நடந்தே போய்க் கையசைத்தாய், கூட்டம் எழுந்து நின்று கத்தியது. எல்லாம் ஸ்டேமி முறைப்படி. ஆனால் அண்ணே, நீ எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆளே இல்லாத பின்பக்கப் பெஞ்சுகளுக்கல்லவா கையசைத்தாய்? அவ்வளவு அழகான பெஞ்சுகளா அவை?

பிறகு லாரிக்குப் பக்கத்தில் என்னிடம், "அம்மா வந்துருக்காங்களா?" என்று இரண்டு முறை கேட்டாய். அம்மா அப்போது உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா சொன்னார்: "மோதுன அடில தலைக்குள்ள மணி அடிச்சிருக்கும். எல்லாருக்கும் அடிக்கிறதுதான். ரெண்டு நாள்ல நின்னுரும்."

பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் வீட்டுக்கு விடுகிறார்கள். உனக்கு மட்டும் மணி அடித்தும் வண்டியில் ஏற்றுகிறார்கள். இது என்ன நியாயம்? ஜட்ஜிடம் கேட்டுச் சொல்.

உன்,
ட்வைலா


ஷார்லட்
8 ஜூன் 1986

வாலுக்கு,

என் வலை இறங்கியிருக்கிறது. தாமதமாக எழுதுகிறேன். பந்தயம், பயணம், மறுபடி பந்தயம். ஒன்பதாவது வந்தேன். புள்ளிக் கணக்கில் இன்னும் முதல் பத்துக்குள்தான்.

வேறு ஒன்றும் விசேஷமில்லை. கண் கூசுகிறதே என்று பட்டறையில் குழல் விளக்குகளைக் கொஞ்சம் அணைத்து வைக்கச் சொன்னேன், எல்லாரும் கேலி செய்கிறார்கள்.

உனக்கு ஒரு கதை சொல்ல மறந்தே போனேன். கான்டிடம் ஒரு நாய் இருக்கிறது, பெயர் ஜட்ஜ். டயர் விற்க ஒரு ஆள் புது பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். அது வந்து பூட்ஸ் மேலே காலைத் தூக்கிவிட்டது. கான்ட், "ஜட்ஜ் தீர்ப்பு சொல்லிட்டாரு, அப்பீல் கெடையாது" என்றார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. உனக்குப் பிடிக்கும் என்று அப்போதே நினைத்தேன்.

அண்ணன்,
ராய்ஸ்


பேட்டன் கோவ்
15 ஜூன் 1986

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லா வலையும் இறங்கியிருக்கிறது. அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி.

ஜட்ஜ் கதையை மார்ச்சிலேயே எழுதிவிட்டாய், ஐயா. அப்பாவாவது மூன்று சக்கரக் கதையை வருடத்துக்கு இரண்டு தடவைதான் ஓட்டுவார், நீ அவரை முந்திவிட்டாய். உன் வரிகளும் போகப் போக இடப்பக்கம் சரிகின்றன. காகிதத்திலும் வளைவு வந்துவிட்டதா?

பழைய கதை என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. பாதிரியார் லூதரின் ஆட்டை நாம் இரண்டு பேரும் அப்பாவின் பந்தய வண்டிக்குள் ஏற்றிவிட்டோமே, அது இருக்கைப் பட்டையைத் தின்று முடித்து, கிளம்புகிற நேரத்தில் ஜன்னல் வழியாகக் குதித்து மைதானத்தைச் சுற்றி ஓடியதே? அப்பா அதைத் துரத்த, கொடிக்காரர் ஆட்டுக்குக் கொடி காட்டினாரே? அதை நினைத்து இன்று சர்ச்சில் சிரித்துவிட்டேன். அம்மா கிள்ளினாள்.

சீக்கிரம் எழுது. நிஜமாகவே சீக்கிரம்.

உன்,
ட்வைலா


ஷார்லட்
20 ஜூலை 1986

வாலுக்கு,

வலை இறங்கியிருக்கிறது. நாலாவது வந்தேன்! அப்பா என்ன சொன்னார்?

டூவிக்குத்தான் என்மேல் கோபம். ரேடியோவில் அவன் சொல்வதை நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேனாம். "காதுல பஞ்சா?" என்கிறான். காது நன்றாகத்தான் இருக்கிறது.

ஆட்டை மறக்க முடியுமா! கடைசியில் அதன் வாலைப் பிடித்து நிறுத்தியது நான்தானே. நீ கேட்டைத் திறந்து விட்டுவிட்டு ஓடி ஒளிந்துகொண்டாய். அப்பாவின் முகம் இன்னும் கண் முன்னால் நிற்கிறது. டூவியிடம் சொன்னேன், உருண்டு உருண்டு சிரித்தான்.

அம்மாவின் முழங்கைக்கு என்ன மருந்து போடுகிறீர்கள்?

அண்ணன்,
ராய்ஸ்


பேட்டன் கோவ்
27 ஜூலை 1986

அண்ணே,

இந்தக் கடிதத்தில் விளையாட்டு எதுவும் இல்லை. தேடாதே.

ஆடு கிடையாது. பாதிரியார் லூதர் வளர்த்தது கோழி. அந்தக் கதையை நானே கட்டினேன். "எந்த ஆடுடி, பொய்க்காரி?" என்று நீ திட்டி எழுதுவாய் என்று தினமும் தபால்பெட்டி வரைக்கும் போய் வந்தேன். நீயோ வாலைப் பிடித்தேன் என்று எழுதியிருக்கிறாய்.

அப்பாவிடம் சொன்னேன். இன்ஜினுக்குள் தலையை விட்டிருந்தவர் நிமிரவே இல்லை.

"எனக்கு நூறு தடவ மணி அடிச்சிருக்குடி. எனக்கு என்ன ஆயிருச்சு?"

"அண்ணன் நடக்காதத ஞாபகம் வச்சிருக்குப்பா."

"அவன் உன்னக் கலாய்க்கிறான். நீ செஞ்சதத்தான் அவனும் செய்றான். அந்த ஒம்பதாம் நம்பர் ஸ்பேனர எங்க வச்ச?"

எடுத்துக் கொடுத்தேன். கையில் வாங்கினார். கொஞ்ச நேரம் கழித்து, "ட்வைலா, அந்த ஒம்பதாம் நம்பர் ஸ்பேனர எங்க வச்ச?" என்றார். அது அவர் கையிலேயே இருந்தது. வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மறுபடி குனிந்துகொண்டாள்.

நம் வீட்டு ஆண்கள் கதை சொல்வதில் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துத்தான் இத்தனை வருடமும் கூடவே வாயசைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

டாக்டரைப் பார். கெஞ்சிக் கேட்கிறேன். வலையை இறக்குவதற்குக் கை இருந்தால் போதும் அண்ணே, தலை நன்றாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

ட்வைலா


ஷார்லட்
3 ஆகஸ்ட் 1986

ட்வைலா,

நான் நலம். நீ ஆடு விட்டாய், நானும் கூட ஓடினேன். உனக்கு மட்டும்தான் விளையாடத் தெரியுமா?

ஒன்றைப் புரிந்துகொள். ஒரு வாரம் நான் உட்கார்ந்தால் அந்த இருக்கையில் வேறு ஒருவன் உட்காருவான். உட்கார்ந்தவனை எழுப்ப முடியாது. இந்தத் தொழிலில் காய்ச்சலுக்குக்கூட யாரும் லீவு போடுவதில்லை. டாக்டரிடம் போனால் அவர் எழுதுவார், எழுதினால் கான்ட் படிப்பார், அத்தோடு ஃப்ளோரிடா முடிந்தது. அப்பா ஏற்கெனவே காலண்டர் வாங்கிவிட்டார் என்று அம்மா எழுதியிருந்தாள்.

யாரிடமும் சொல்லாதே. நீ சொல்ல மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

வலை இறங்கியிருக்கிறது. இறங்கியே இருக்கிறது.

ராய்ஸ்


பேட்டன் கோவ்
24 ஆகஸ்ட் 1986

மதிப்பிற்குரிய கான்ட் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் ஜட்ஜும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் உங்கள் ஓட்டுநர் ராய்ஸ் ஸ்டேமியின் தங்கை. பள்ளியில் என்னைப் பற்றி விசாரித்தால் நம்பத் தகுந்தவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் இதை நம்ப வேண்டும்.

நேற்றைய பந்தயத்தில் என் அண்ணன் சுவரைத் தொட்டது சின்ன இடி என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். வலை இறங்கியது, நடந்தார், கையசைத்தார். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. அவர் நேராகப் போய் ப்ரூயிட்களின் லாரியில் ஏறி உட்கார்ந்து, தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு, பந்தயம் எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டிருக்கிறார்.

ப்ரூயிட்கள் மூன்று தலைமுறையாக எங்களுக்கு ஆகாதவர்கள். பெரிய ப்ரூயிட்தான் என் அண்ணன் கையைப் பிடித்து, யார் கண்ணிலும் படாமல் லாரிகளுக்குப் பின்பக்கமாகக் கூட்டிவந்து என்னிடம் விட்டார். அவரைப் பார்த்தாலே எனக்கு ஏதாவது கிண்டல் வாயில் வரும். வரவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார்: "இவன இனிமே வண்டில ஏத்தாதீங்கம்மா. எங்க சித்தப்பன் இப்பிடித்தான் ஆனான்."

மே மாத மோதலிலிருந்தே என் அண்ணனுக்கு நடந்தது மறக்கிறது, நடக்காதது ஞாபகம் இருக்கிறது. ஃப்ளோரிடா போய்விடும் என்று மறைக்கிறார். அவர் தலையைப் படம் எடுத்துப் பாருங்கள். அவர் சரியாக இருந்தால் என்னைப் பொய்க்காரி என்று ஊர் முழுக்கச் சொல்லுங்கள், எனக்குச் சந்தோஷம்தான்.

இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டுங்கள். சொன்னது யார் என்று அவர் டூவியைச் சந்தேகப்படக் கூடாது.

பணிவுடன்,
ட்வைலா ஸ்டேமி


ஷார்லட்
7 செப்டம்பர் 1986

ட்வைலா ஸ்டேமிக்கு,

கான்ட் கடிதத்தைக் காட்டினார். படம் எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் மாட்டி பென்சிலால் இங்கே, இங்கே, இங்கே என்று தொட்டார். இனி எந்த வண்டியும் கிடையாதாம். சந்தையில் தக்காளி ஏற்றுகிற வண்டிகூட.

வண்டிக் கதவிலிருந்து என் 41-ஐச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். அந்த இருக்கையில் யாரை உட்கார வைத்திருக்கிறார்கள் தெரியுமா? சின்ன ப்ரூயிட்டை. சிரி. உன் விளையாட்டுகளிலேயே பெரியது இதுதான்.

அப்பாவிடம் ஃபோனில் சொன்னேன். மூச்சு மட்டும் கேட்டது.

நீ கடலைத் தோலை என் பெட்டியில் போட்டிருக்கலாம். சுவரில் மோதிச் செத்திருப்பேன், அது ஸ்டேமிக்கு அழகு.

இனி எழுதாதே. எனக்குத் தங்கை இல்லை.

ராய்ஸ்


ஷார்லட்
16 நவம்பர் 1986

வாலுக்கு,

என் வலை இறங்கியிருக்கிறது. உன் கடிதமே வருவதில்லையே, என்ன கோபம்? நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா?

உறை மேலே டூவியின் கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. நம் வீட்டு முகவரியில் ரோடு பெயர் மட்டும் பிடிபடவில்லை.

கான்ட் என்னைப் பட்டறையிலேயே வைத்திருக்கிறார். கூட்டுகிறேன், ஜட்ஜுக்குச் சாப்பாடு வைக்கிறேன். யாரோ அவரிடம் போய் என்னைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டார்கள் ட்வைலா. அதனால்தான் வண்டி போயிற்று. யார் என்று கேட்டால் டூவி வேறு பக்கம் பார்க்கிறான், கான்ட் தொப்பியைச் சரி செய்கிறார். நீதான் கெட்டிக்காரி, ப்ரூயிட்கள் பக்கம் கொஞ்சம் விசாரித்துப் பார். உன்னை விட்டால் நான் யாரை நம்புவது? ஆளைக் கண்டுபிடித்தால் போதும், பிப்ரவரிக்குள் கான்டிடம் பேசிச் சரி செய்துவிடலாம்.

சில நாள் காலையில் எழுந்ததும் ஒரே இருட்டாக இருக்கிறது, வெயில் அடித்தாலும். அப்போதெல்லாம் அந்த ஆட்டை நினைத்துக்கொள்வேன். கொடிக்காரர் கொடி காட்டியது, அப்பா ஓடியது, நான் வாலைப் பிடித்தது. எனக்கு எத்தனை வயது அப்போது? அன்றைக்கு அம்மா பெஞ்சில் உட்கார்ந்து வண்டி எதையும் பார்க்காமல் வாய்விட்டுச் சிரித்தாள் அல்லவா? அம்மா அப்படிச் சிரித்து வேறு எப்போதும் நான் பார்த்ததில்லை.

எழுது.

அண்ணன்,
ராய்ஸ்


பேட்டன் கோவ்
23 நவம்பர் 1986

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா, அப்பா வலைகள் இறங்கியிருப்பதாக அவர்கள் சொல்லச் சொன்னார்கள். சொல்லிவிட்டேன்.

உன் கேள்விக்குப் பதில்: ப்ரூயிட்கள் இல்லை, டூவி இல்லை. கான்டிடம் சொன்னது நான்தான்.

இதை நீ ஏற்கெனவே தெரிந்துகொண்டு, எனக்குத் தங்கை இல்லை என்று எழுதிவிட்டாய். நல்ல கோபம் அது, ஒரு வரிகூடச் சரியவில்லை. உனக்கு மறந்திருந்தாலும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. மறுபடி கோபப்படு. மறுபடி மறந்து, மறுபடி கேட்டால், மறுபடி சொல்கிறேன். ஸ்டேமி பெண்களுக்கும் ஒரு கதையை மூன்று தடவை சொன்னால்தான் செரிக்கும்போல.

வரும் ஞாயிற்றுக்கிழமை அப்பா லாரியோடு உன்னை அழைக்க வருகிறார். அவராகக் கிளம்பியதுதான், யாரும் சொல்லவில்லை. எண்ணெய்க் கறை மேல் உன் கட்டிலைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார், பட்டறையின் வாசம் இல்லாமல் உனக்குத் தூக்கம் வராதாம். காலண்டரைக் கழற்றி அடுப்பில் போட்டார். இன்று காலையிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை என்றைக்கு என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார். வழி தவறாமலிருக்க நானும் கூட வருகிறேன்.

ஆடு விஷயம். ஆமாம் அண்ணே, வாலைப் பிடித்தது நீதான். உனக்கு அப்போது பதினாலு வயது. நான் கேட்டைத் திறந்துவிட்டு ஓடி ஒளிந்துகொண்டேன். அம்மாவிடமும் கேட்டேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "ஆமாம்னு எழுது. நல்லாத்தான் சிரிச்சேன்னு எழுது" என்றாள்.

என் வலை இறங்கவில்லை.

உன்,
ட்வைலா